வாசகர் கேள்வி-பதில்: ஜிப் போட்டும் அளவு குறையவில்லையே?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதி ஃபைல்களை ஜிப் ஆக்கும்போது வரும் சிக்கல்கள்தான் அது. அதனால் இந்தப் பகுதியை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டோம். நிரல் சொற்களைத் தமிழ் ஒலிப்பில் மேற்கோள் குறிக்குள் கொடுத்திருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது பைத்தானில் உள்ளபடியே அடியுங்கள்.

கேள்வி: அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் சாயங்காலம் அன்றைய ஃபோல்டரைப் பைத்தானின் 'ஜிப்ஃபைல்' மாட்யூலைக் கொண்டு ஜிப் ஆக்கி வைக்கிறேன். எரர் எதுவும் வருவதில்லை. ஆனால் 310 எம்பி ஃபோல்டர், ஜிப் ஆன பிறகும் 310 எம்பியாகவே இருக்கிறது. கையால் ரைட் கிளிக் செய்து ஜிப் போட்டால் குறைகிறது. என்ன தவறு? (சிவகாசி வாசகர்)

பதில்: நீங்கள் ஜிப் செய்யவில்லை, மூட்டை மட்டும் கட்டியிருக்கிறீர்கள். 'ஜிப்ஃபைல்' மாட்யூலில் எதுவும் குறிப்பிடாவிட்டால் அது எடுத்துக்கொள்ளும் முறை 'ஜிப்_ஸ்டோர்ட்'. அதாவது, ஃபைலைச் சுருக்காமல் அப்படியே உள்ளே வைப்பது. சுருங்க வேண்டுமென்றால், ஜிப்பைத் திறக்கும் வரியிலேயே 'கம்ப்ரஷன்' என்ற இடத்தில் 'ஜிப்_டிஃப்ளேட்டட்' என்று கொடுக்க வேண்டும். கூடவே 'கம்ப்ரஸ்லெவல்' என்று 1 முதல் 9 வரை ஓர் எண்ணும் கொடுக்கலாம். இது பைத்தான் 3.7-இல் வந்தது. கொடுக்காவிட்டால் 6 என்று வைத்துக்கொள்ளும். 9 கொடுத்தால் நேரம் கூடும் அளவுக்கு அளவு குறையாது. தினசரி பேக்கப்புக்கு 6 போதும்.

இதைச் சரிசெய்த பிறகும் ஏமாற்றம் வரலாம். ஜேபெக் படங்கள், எம்பி4, எம்பி3 எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. வேர்டு, எக்செல் ஃபைல்கள் உள்ளுக்குள் ஜிப்தான். பிடிஎஃப்பிலும் பெரும்பகுதி சுருங்கியே இருக்கும். இவற்றை மறுபடி சுருக்கினால் கணினி உழைப்பதுதான் மிச்சம். எனவே ஃபைலின் நீட்சியைப் பார்த்து, இந்த வகைகளுக்கு மட்டும் 'ரைட்' அழைப்பில் 'கம்ப்ரஸ்_டைப்' என்பதை 'ஸ்டோர்ட்' ஆக்கிவிடுங்கள். ஒரே ஜிப்புக்குள் இரண்டு முறைகளும் கலந்திருப்பதில் தவறில்லை.

மாறாக, டெக்ஸ்ட், சிஎஸ்வி, எக்ஸ்எம்எல் எல்லாம் நன்றாக வற்றும். யூனிகோட் தமிழ் டெக்ஸ்ட் இன்னும் நன்றாக வற்றும், அதற்குக் காரணம் உண்டு. யூனிகோடைப் பைட்களாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் (எழுத்து, அதோடு சேரும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள்) 3 பைட். அதில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றேதான். இரண்டாவது பைட்டும் இரண்டே மதிப்புகளில் ஒன்று. இப்படித் திரும்பத் திரும்ப வருவதைத்தான் டிஃப்ளேட் முறை பிடித்துச் சுருக்குகிறது.

ஊகிக்க வேண்டாம், எந்த ஃபைல் எவ்வளவு சுருங்கியது என்று ஜிப்பையே கேட்கலாம். 'இன்ஃபோலிஸ்ட்' தரும் ஒவ்வொரு உறுப்பிலும் 'ஃபைல்_சைஸ்', 'கம்ப்ரஸ்_சைஸ்' என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் அருகருகே அச்சிட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் இரண்டும் சமமாக இருந்தால் சுருக்கும் முறையைக் கொடுக்க மறந்திருக்கிறீர்கள். படங்களில் மட்டும் சமம் என்றால் எல்லாம் சரி.

கேள்வி: ஜிப்பைத் திறந்தால் ஹோம், அதற்குள் என் யூசர் பெயர், அதற்குள் டாக்குமெண்ட்ஸ் என்று நாலு ஃபோல்டர் தாண்டித்தான் ஃபைல் கிடைக்கிறது. அதோடு, காலியாக இருந்த இரண்டு ஃபோல்டர்கள் ஜிப்பில் வரவே இல்லை. (ஈரோடு வாசகர்)

பதில்: 'ரைட்' அழைப்புக்கு முழுப் பாதையைக் கொடுத்தால், முன்னால் இருக்கும் சாய்கோட்டை மட்டும் நீக்கிவிட்டு மீதிப் பாதையை அப்படியே ஜிப்புக்குள் பெயராக எழுதிவிடும். ஃபைல் எங்கே இருக்கிறது என்பது வேறு, ஜிப்புக்குள் அதற்கு என்ன பெயர் என்பது வேறு. இரண்டாவதைச் சொல்லத்தான் 'ஆர்க்நேம்' இருக்கிறது. 'பாத்லிப்' பயன்படுத்துகிறீர்கள் என்றால், அடிப்படை ஃபோல்டரை வைத்து 'ரிலேட்டிவ்_டு' போட்டுக் கிடைப்பதை 'ஆர்க்நேம்' ஆகக் கொடுங்கள்.

ஃபோல்டருக்குள் நடந்து ஃபைல்களை மட்டும் சேர்த்தால் காலி ஃபோல்டர் விட்டுப்போவது இயல்பு. ஃபோல்டரின் பாதையையே 'ரைட்'டுக்குக் கொடுத்தால் அதற்கென்று ஒரு பதிவு உண்டாகும். பைத்தான் 3.11 முதல் 'எம்கேடிர்' என்று தனி அழைப்பும் வந்துவிட்டது.

ஒரு ஃபோல்டரை முழுசாக ஜிப் ஆக்குவது மட்டுமே வேலை என்றால் 'ஷூட்டில்' மாட்யூலின் 'மேக்_ஆர்க்கைவ்' ஒரே வரியில் முடித்துவிடும். அதுவே சுருக்கவும் செய்யும், காலி ஃபோல்டரையும் சேர்க்கும். அதில் பெயர் கொடுக்கும்போது ஜிப் என்ற நீட்சியைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் நீட்சி இரண்டு தடவை வந்து நிற்கும்.

எந்த முறையாக இருந்தாலும், உருவாகும் ஜிப்பை அதே ஃபோல்டருக்குள் வைக்கவே வைக்காதீர்கள். ஜிப்பைத் திறந்த பிறகு ஃபோல்டரில் நடக்கத் தொடங்கினால், பாதி எழுதிய ஜிப்பும் ஒரு ஃபைலாகக் கண்ணில் படும். அது தன்னைத்தானே உள்ளே சேர்க்கப் பார்க்கும். படிக்கப் படிக்க வளரும், வளர வளரப் படிக்கும், டிஸ்க் நிரம்பும் வரைகூடப் போகலாம்.

கேள்வி: கிளையண்ட்டுக்கு அனுப்பிய ஜிப்பில் இருந்த தமிழ்ப் பெயர்கள் அவர் கணினியில் ஏதோ கிரேக்க எழுத்தும் குறிகளுமாகத் தெரிகிறதாம். வேறொருவர் அனுப்பிய ஜிப்பில் எல்லாமே கேள்விக்குறியாக இருக்கிறது. ஃபைல் பெயரைத் தமிழில் வைப்பதே தவறா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: தவறே இல்லை. தாராளமாகத் தமிழில் வையுங்கள். ஆனால் ஜிப்பில் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

ஜிப் வடிவம் 1989-இல் ஃபில் கேட்ஸ் உருவாக்கிய பிகேஜிப்போடு வந்தது. அன்றைய ஐபிஎம் பிசியின் எழுத்துத் தொகுப்பான கோட் பேஜ் 437-தான் பெயர்களுக்கு அடிப்படை. பெயர் யுடிஎஃப்-8-இல் இருக்கிறது என்று சொல்லும் வசதி 2006-இல்தான் விதிமுறையில் சேர்ந்தது. ஒவ்வொரு ஃபைலின் தலைப்பிலும் உள்ள கொடிகளில், அதாவது ஆம்/இல்லை என்று காட்டும் பிட்களில், 11-ஆம் பிட் அதற்கானது. பைத்தான் 3, பெயரில் தமிழ் இருந்தால் அந்தக் கொடியைத் தானாகவே ஏற்றிவிடும். ஆகவே பைத்தானில் செய்த ஜிப், கொடியை மதிக்கும் எந்த மென்பொருளிலும் சரியாகத் திறக்கும். உங்கள் கிளையண்ட்டிடம் இருப்பது அதை மதிக்காத பழைய மென்பொருளாக இருக்கும். 7-ஜிப்பில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அவர் சொல்லும் அடையாளமும் இதற்குப் பொருந்துகிறது. தமிழ்ப் பெயரை 437-ஆக வாசித்தால், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் முதலில் கிரேக்க ஆல்ஃபா, அடுத்து இரட்டைக் கோணக் குறி, அதன்பின் வேறொரு குறி என்று மும்மூன்றாக வரும். மேலே சொன்ன மாறாத முதல் பைட்தான் இங்கே ஆல்ஃபாவாகத் தெரிகிறது. இந்த ஆல்ஃபா வரிசையைப் பார்த்தால் நிம்மதியாக இருங்கள், பெயர் அழியவில்லை, தவறாக வாசிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கொடி இல்லாத இப்படிப்பட்ட ஜிப் உங்களுக்கு வந்தால், பைத்தான் 3.11 முதல் அதைத் திறக்கும்போது 'மெட்டாடேட்டா_என்கோடிங்' என்பதில் யுடிஎஃப்-8 என்று கொடுத்தால் பெயர்கள் திரும்பிவிடும். அதற்கு முந்தைய பதிப்பு என்றால், கிடைத்த பெயரை 437-இல் 'என்கோட்' செய்து, வரும் பைட்களை யுடிஎஃப்-8-இல் 'டிகோட்' செய்யுங்கள்.

கேள்விக்குறி வந்தால் கதை வேறு. விண்டோஸில் பழைய மென்பொருள்கள் பயன்படுத்தும் சிஸ்டம் கோட் பேஜ்களில் தமிழுக்கென்று எதுவும் கிடையாது. அந்த முறையில் பெயர் எழுதும் மென்பொருள், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் பதிலாகக் கேள்விக்குறியை எழுதிவிடும். மூலப் பெயர் ஜிப்பில் இருக்காது. அனுப்பியவரிடம் வேறு மென்பொருளில் மறுபடி செய்து தரச் சொல்வது தவிர வழியில்லை. ஃபைலின் உள்ளடக்கத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

தமிழ்ப் பெயர்களில் வேறு இரண்டு இடங்களில் கால் இடறும். லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டங்களில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். 'கோப்பு' என்ற சொல்லுக்கே 6 குறிகள், 18 பைட். நீட்சிக்கு 4 பைட் போனால் 83 தமிழ்க் குறிகள்தான் மிஞ்சும். விண்டோஸ் பைட்டை எண்ணுவதில்லை, குறியை எண்ணுகிறது. எனவே விண்டோஸில் பிரச்சினையில்லாமல் வைத்த நீண்ட பெயர், ஜிப் ஆகி லினக்ஸ் சர்வரில் பிரியும்போது 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடும். ஜிப் ஆக்கும்போதே பெயரின் பைட் நீளத்தை அளந்து எச்சரிக்கை கொடுப்பது நல்லது.

மற்றது கொம்பு, கால் சமாச்சாரம். 'கொ'வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் வைக்கும். அங்கிருந்து வந்த ஜிப்பில் 'கொள்முதல்' என்ற பெயரைத் தேடினால், கண்ணுக்குத் தெரியும் பெயரையே இல்லை என்று சொல்லும். ஒப்பிடும் முன் இரண்டு பக்கப் பெயர்களையும் 'யூனிகோட்டேட்டா' மாட்யூலின் 'நார்மலைஸ்' வழியே 'என்எஃப்சி' எனப்படும் சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் அடித்து வைத்திருந்தால் 'நார்மலைஸ்' காப்பாற்றாது. அது எழுத்துப் பிழை. 'கௌரி' என்ற பெயரில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

கேள்வி: கரண்ட் போய் வந்த பிறகு பார்த்தால் 2 ஜிபி ஜிப் ஒன்று 'இது ஜிப் ஃபைல் இல்லை' என்கிறது. உள்ளே தரவு இருக்கிறதே? இன்னொரு நாள் வெறும் 22 பைட்டில் ஒரு ஜிப் வந்திருந்தது. (மதுரை வாசகர்)

பதில்: ஜிப்பின் பொருளடக்கம் புத்தகத்தைப் போல முன்னால் இல்லை, கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஃபைல்களை ஒவ்வொன்றாக எழுதி முடித்து, 'குளோஸ்' செய்யும்போதுதான் அந்தப் பட்டியல் எழுதப்படும். அதற்கு முன் மின்சாரம் போனால் தரவு இருக்கும், பட்டியல் இருக்காது. திறக்கும் மென்பொருள் முதலில் தேடுவது பட்டியலைத்தான். ஒவ்வொரு ஃபைலின் முன்னாலும் ஒரு சிறு தலைப்பு இருப்பதால், லினக்ஸின் 'ஜிப்' கட்டளையை இரட்டை எஃப் விருப்பத்தோடு ஓட்டி, வேறு பெயரில் வெளியீடு கேட்டால் பெரும்பாலானவற்றை மீட்கலாம். மூல ஃபைலைத் தொடாதீர்கள், நகலில் முயலுங்கள்.

22 பைட் ஜிப் என்பது எதுவும் உள்ளே இல்லாத, முறைப்படி மூடப்பட்ட ஜிப். கடைசிப் பதிவின் அளவே 22 பைட்தான். ஸ்கிரிப்ட் தவறான ஃபோல்டரில் தேடியிருக்கிறது என்று பொருள். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸின் கிரானில் ஓடும் ஸ்கிரிப்டுகளில் இது அதிகம். கையால் ஓட்டும்போது நீங்கள் நிற்கும் ஃபோல்டர் ஒன்று, கிரான் நிற்பது ஹோம் ஃபோல்டரில். முழுப் பாதை கொடுத்தால் தீரும்.

'வித்' வாக்கியத்துக்குள் ஜிப்பைத் திறந்தால் மூட மறப்பது என்ற பேச்சே இல்லை, எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நாங்களும் சொல்கிறோம். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 300 ஃபைல்களில் 120-ஆவது ஃபைலில் அனுமதி எரர் வந்து ஸ்கிரிப்ட் விழுந்தால், 'வித்' அப்போதும் பட்டியலை எழுதி ஜிப்பை ஒழுங்காக மூடிவிடும். 119 ஃபைல்களோடு குறையில்லாத ஜிப் ஒன்று கிடைக்கும். ஜிப்பை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையிலும் அது தேறிவிடும். விண்டோஸில் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம், யாராவது எக்செல் ஃபைலைத் திறந்து வைத்துவிட்டுப் போனாலே போதும்.

எனவே நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது. சேர்க்க வேண்டிய ஃபைல்களின் பட்டியலை முதலில் எடுத்துவிடுங்கள். தற்காலிகப் பெயரில் ஜிப்பை எழுதுங்கள். மூடிய பிறகு மறுபடி வாசிக்கத் திறந்து 'டெஸ்ட்ஜிப்' ஓட்டுங்கள். அது எல்லா உறுப்புகளின் சிஆர்சியையும் (தரவு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எண்) சரிபார்த்து, கெட்டுப்போன முதல் ஃபைலின் பெயரைத் தரும். எல்லாம் நலம் என்றால், எதுவும் இல்லை என்று பொருள்படும் 'நன்' தரும். பிறகு 'நேம்லிஸ்ட்' எண்ணிக்கையை முதலில் எடுத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே 'ஓஎஸ்.ரீப்ளேஸ்' மூலம் உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். பழைய நல்ல பேக்கப்பின் மேல் புதிய கெட்ட பேக்கப் போய் உட்காருவதை இது தடுக்கும்.

நினைவகத்திலேயே 'பைட்ஸ்ஐஓ'வில் ஜிப் செய்து வெப்சைட்டில் டவுன்லோட் கொடுப்பவர்களுக்கும் இதே பாடம்தான். ஜிப்பை மூடிய பிறகே 'கெட்வேல்யூ' எடுக்க வேண்டும். 'ரீட்' வழியே படிப்பதாக இருந்தால், மூடிய பின் 'சீக்' போட்டு ஆரம்பத்துக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் பூஜ்ய பைட் டவுன்லோட் ஆகும்.

கேள்வி: ஒரே ஜிப்பில் தினமும், இருப்பதன் கடைசியில் சேர்க்கும் 'ஏ' மோடில், அன்றைய ரிப்போர்ட்டைச் சேர்த்துக்கொண்டே போகலாமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: வேண்டாம். சேர்க்கும்போது புதிய தரவு, பழைய பொருளடக்கம் இருந்த இடத்திலேயே எழுதப்படும். நடுவில் தடைபட்டால் இன்றைய ரிப்போர்ட்டோடு போகாது, ஒரு வருட ரிப்போர்ட்டும் பட்டியல் இல்லாமல் நிற்கும். அதோடு, அதே பெயரில் மறுபடி சேர்த்தால் பழையது மாறாது. எச்சரிக்கை ஒன்று வந்துவிட்டு இரண்டும் உள்ளே இருக்கும். பைத்தான் கடைசியாகச் சேர்த்ததை எடுத்துக்கொள்ளும், மற்ற மென்பொருள் எதை எடுக்கும் என்று உறுதி இல்லை. நாளுக்கொரு ஜிப், பெயரில் ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் தேதி. அதுவே போதும்.

கேள்வி: 'ரைட்ஸ்ட்ர்' மூலம் சர்வரில் உருவாக்கும் ஜிப்பை விரித்தால் வெப் சர்வரால் அந்த ஃபைல்களைப் படிக்க முடியவில்லை. 'ரைட்' மூலம் சேர்த்தவை மட்டும் சரியாக இருக்கின்றன. (சென்னை வாசகர்)

பதில்: 'ரைட்' அசல் ஃபைலின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். 'ரைட்ஸ்ட்ர்'க்கு அசல் ஃபைல் என்று ஒன்று கிடையாது, அதனால் 600 என்று வைத்துவிடும், உரிமையாளர் மட்டுமே படிக்கலாம். 'ஜிப்இன்ஃபோ' ஒன்றை நீங்களே உருவாக்கி, அதன் 'எக்ஸ்டர்னல்_ஆட்ர்' மதிப்பாக எட்டடிமான எண் 644-ஐ (எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் எழுதலாம்) 16 பிட் இடப்பக்கம் நகர்த்திக் கொடுங்கள்.

இங்கே புதிதாக ஒரு தவறு நுழையும். நீங்களே 'ஜிப்இன்ஃபோ' கொடுத்தால், சுருக்கும் முறையும் அதிலிருந்தே எடுக்கப்படும். அதன் இயல்பு மதிப்பு சுருக்காமல் வைப்பது. தேதியின் இயல்பு மதிப்பு 1980 ஜனவரி 1. எனவே 'கம்ப்ரஸ்_டைப்', 'டேட்_டைம்' இரண்டையும் சேர்த்தே நிரப்புங்கள்.

கேள்வி: '1980-க்கு முந்தைய நேரத்தை ஜிப் ஏற்காது' என்ற எரர் எதற்கு? என்னிடம் 1980-இல் கணினியே கிடையாது! (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஜிப்பில் ஆண்டு 1980-இல் தொடங்கி 7 பிட்டில் எழுதப்படுகிறது, 2107 வரை போகும். தேதி தொலைந்த ஃபைல்களுக்கு லினக்ஸ் 1970 ஜனவரி 1 என்று காட்டும். அவைதான் மாட்டுகின்றன. ஜிப்பைத் திறக்கும்போது 'ஸ்ட்ரிக்ட்_டைம்ஸ்டாம்ப்ஸ்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் 1980 என்று திருத்திக்கொண்டு மேலே போகும். இது பைத்தான் 3.8 முதல் உண்டு. நேரம் 2 விநாடித் துல்லியத்தில்தான் பதிவாகும் என்பதையும் மனதில் வையுங்கள். நேரத்தை ஒப்பிட்டு ஃபைல் மாறியதா என்று பார்க்கும் ஸ்கிரிப்டுகள் இதில் ஏமாறும்.

கேள்வி: தமிழ் மின்னூல்களை இபப் ஆகத் தயாரிக்கிறேன். எல்லா ஃபைல்களையும் ஜிப் ஆக்கி நீட்சியை மாற்றினால், இபப்பைச் சோதிக்கும் மென்பொருளான எபப்செக் 'மைம்டைப்' எரர் காட்டுகிறது. (திருச்சி வாசகர்)

பதில்: 'மைம்டைப்' என்ற ஃபைல் ஜிப்பில் முதலாவதாக இருக்க வேண்டும், சுருக்கப்படவே கூடாது. அப்போதுதான், பூஜ்யத்திலிருந்து எண்ணினால், ஜிப்பின் 30-ஆவது பைட்டில் அதன் பெயரும் 38-ஆவது பைட்டில் உள்ளடக்கமும் வரும். வாசிப்புக் கருவிகள் ஜிப்பைப் பிரிக்காமலேயே அதைப் பார்த்து இபப் என்று கண்டுகொள்ளும். ஜிப்பைத் திறந்ததும் முதல் வேலையாக 'ரைட்ஸ்ட்ர்' மூலம் 'ஸ்டோர்ட்' முறையில் அதை எழுதுங்கள், பிறகு மற்றவற்றை 'டிஃப்ளேட்டட்' முறையில் சேருங்கள். உள்ளடக்கம் சரியாக 20 பைட். நோட்பேடில் தயாரித்து கடைசியில் என்டர் தட்டியிருந்தால் 22 ஆகிவிடும், எபப்செக் ஏற்காது.

கேள்வி: 'செட்பாஸ்வேர்டு' போட்டு ஜிப் எழுதினேன். பாஸ்வேர்டு கேட்காமலேயே திறக்கிறது! (கொழும்பு வாசகர்)

பதில்: அந்த அழைப்பு பூட்டிய ஜிப்பைப் படிப்பதற்கு மட்டும். 'ஜிப்ஃபைல்' மாட்யூலால் பூட்டி எழுத முடியாது, எரரும் காட்டாது. இப்படி அனுப்பியவை இருந்தால் அவை திறந்த தபால் என்றே எண்ணி, உள்ளே இருந்த ரகசியங்களை உடனே மாற்றுங்கள்.

ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்க முறையில் பூட்டு வேண்டுமென்றால் 'பைஜிப்பர்' என்ற தனி மாட்யூலை நிறுவலாம், அல்லது ஸ்கிரிப்டிலிருந்தே 7-ஜிப்பை அழைக்கலாம். பெறுபவரும் 7-ஜிப் போன்ற மென்பொருளில்தான் திறக்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூட்டினாலும் ஜிப்பில் ஃபைல் பெயர்கள் வெளியே தெரியும். பெயரே ரகசியம் என்றால் 7இசட் வடிவத்தில், தலைப்பையும் மறைக்கும் விருப்பத்தோடு செய்யுங்கள். பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்காதீர்கள், அதே மெயிலிலும் அனுப்பாதீர்கள்.